வாய் பேசாத முரசு

அச்சுவேலிக் கோயில் வீதியில் முழங்கும் தவிலுக்குத் தோலும் மரமுமே குரல். மெல்லிசைக் குழுவின் ஒக்டபாட் அத்தகையதன்று. 1985இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட அதன் முதற் கருவி, எட்டுத் தட்டுகளில் விழும் அடியை மின்குறிப்பாக மாற்றி அனுப்பியது. ஒலிபெருக்கியே அதற்கு வாய்.

வீட்டறையில் இனித்த தாழ்ந்த ஒலி, சுவரில்லாத திறந்த வெளியில் மெலிந்துவிடும். ஆகவே, நிகழ்ச்சிக்கு முன்பே குழுவினருள் ஒருவர் சபையோர் அமரும் இடத்தில் நின்று கேட்டு, ஒவ்வோர் ஒலியையும் சீர்செய்வித்தல் நன்று. வாசிப்பவருக்கு அருகிலும் ஓர் ஒலிபெருக்கி வேண்டும்; தம் அடி தமக்கே கேளாதவர் தாளம் தவறுவார் அன்றோ!

எல்லாவற்றிலும் பாடகர் குரலே முதன்மையானது. கடைசி வரிசையில் பாய்விரித்து அமர்ந்திருக்கும் ஆச்சிக்கும் பாட்டின் சொல் விளங்குமாயின், முரசு அளவோடு ஒலிக்கிறது என நாம் கொள்ளலாம்.