ஒரு விமானம், நான்கு சொந்தக்காரர்கள்

மொரப்பூர்ப் பக்கம் பங்குக் கிணறு வைத்துப் பாசனம் செய்யும் உழவர்களிடம் பேசிப் பாருங்கள். கிணறு ஒன்று, பங்குதாரர்கள் மூவர் அல்லது நால்வர். இன்று ஒருவருக்கு முறை, நாளை அடுத்தவருக்கு. மோட்டார் பழுதானால் செலவைப் பங்கிட்டுக் கொள்வார்கள். இதே முறையில் விமானமும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நம்புவீர்களா?

பொழுதுபோக்காகப் பறப்பவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். நம் நாட்டில் இவ்வெண்ணம் பறக்கும் கழகங்களாக வேரூன்றியது. 1928-இல் பம்பாயிலும் டெல்லியிலும், 1930 வாக்கில் சென்னையிலும் கழகங்கள் தோன்றின. பம்பாய்க் கழகத்தில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவின் முதல் எண் கொண்ட விமானி உரிமத்தைப் பெற்றார். கழகத்தில் விமானம் கழகத்துக்குச் சொந்தம். கூட்டுரிமையிலோ ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சொந்தக்காரர். ஆயினும் இரண்டிலும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கைப் பார்ப்போமா? விமானச் செலவு இரு வகை. நிறுத்துமிட வாடகை, காப்பீடு, ஆண்டுப் பரிசோதனை ஆகியவை பறந்தாலும் பறக்காவிட்டாலும் உண்டு. இவை ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். எரிபொருள், தேய்மானம் முதலியவை பறக்கும் நேரத்தைப் பொறுத்தவை. இவை மணிக்கு 10,000 ரூபாய் என்போம். ஒருவர் தனியாக ஆண்டுக்கு 50 மணி பறந்தால், ஒரு மணிக்கு 12,000 + 10,000 = 22,000 ரூபாய் ஆகும். நால்வர் சேர்ந்து ஆளுக்கு 50 மணி பறந்தால், 3,000 + 10,000 = 13,000 ரூபாய்தான்!

பணம் மட்டுமா மிச்சம்? எஞ்சினும் நலமாக இருக்கிறது. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகும். அதில் சிறிதளவு எஞ்சின் எண்ணெயில் கலக்கும். அடிக்கடி பறந்தால் எண்ணெய் நன்கு சூடாகி, அந்த நீர் ஆவியாகிவிடும். வாரக்கணக்கில் சும்மா நின்றாலோ உட்பாகங்கள் துருப்பிடிக்கும்.

நால்வர் அமரும் செஸ்னா 172 விமானத்தின் லைக்காமிங் எஞ்சினை 2,000 மணிக்கு ஒரு முறை முழுதும் பிரித்துச் சீரமைக்க வேண்டும். குறைவாகப் பறந்தாலும் 12-ஆம் ஆண்டில் அதைச் செய்துவிட வேண்டும் என்கிறது அந்நிறுவனம். தனியாள் 12 ஆண்டுகளில் பறப்பது 600 மணிதான். நால்வரோ 10 ஆண்டுகளில் 2,000 மணியையும் பயன்படுத்திவிடுவார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! கிணற்று மோட்டார் நின்றால் பயிர் வாடும். விமானத்தில் பழுது என்றால் உயிருக்கே ஆபத்து. ஒருவர் இறங்கும்போது சக்கரம் தரையில் பலமாக மோதிவிட்டது, யாரும் பார்க்கவில்லை. சக்கரத்தைத் தாங்கும் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். வெட்கப்பட்டு அதை மறைத்தால் ஆபத்து அடுத்த முறைக்காரருக்கு. ஆகவே ஒவ்வொருவரும் இறங்கியவுடன் பறந்த நேரத்தையும் கண்ட குறைகளையும் பதிவேட்டில் ஒளிக்காமல் எழுத வேண்டும். அடுத்தவர் அதைப் படித்து, விமானத்தைச் சுற்றிவந்து சோதித்த பிறகே ஏற வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. பங்குதாரர்கள் அறுவரானால் மணிச் செலவு இன்னும் எவ்வளவு குறையும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுவருமே விமானத்தைக் கேட்டால் என்ன செய்வது? எத்தனை பேர் சேர்வது நல்லது என்று நண்பர்களுடன் விவாதித்து முடிவு செய்யுங்கள்.