ஷோரூமுக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது!

பாலித் தீவில் டென்பசாரிலிருந்து உபுத் போகிற வழியில் ஊருக்கு ஒரு கைத்தொழில். பத்துபுலானில் சாலையோரமெல்லாம் கல் சிற்பங்கள். பத்துவானில் ஓவியங்கள். மாஸில் மரச்சிற்பங்கள். இந்த வரிசையில் கியான்யார் மாவட்டத்து செலுக் கிராமம் வெள்ளிக்குப் பேர்போனது. டூரிஸ்ட் கார்கள் அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம் முன்னால் நிற்கும். நாமும் இறங்குவோம், ஏசியில் கொஞ்ச நேரம் சுற்றுவோம், ஒரு ஜோடித் தோடு வாங்குவோம், வயல்வெளி பார்க்கக் கிளம்பிவிடுவோம்.

கிளம்பாதீர்கள்! அந்த ஷோரூமுக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. அதைத் தாண்டிச் சந்துக்குள் நடந்தால் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கும். அந்தப் பட்டறைகளில் சிலவற்றில் பயணிகளுக்கென்றே ஆரம்பப் பாடம் நடத்துகிறார்கள். இரண்டு மூன்று மணி நேர வகுப்பு. கட்டணத்திலேயே சில கிராம் வெள்ளியும் அடக்கம். செய்த நகை நமக்கே. அரத்தைக் கையால் தொட்டே இராதவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். நானும் உட்கார்ந்தேன். அந்தப் பரவசம் இன்னும் அடங்கவில்லை. அதனால் உங்களையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன், வாருங்கள்.

வாசற்படியில் தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டு, அதில் பூ, ஒரு ஊதுபத்தி. பாலியில் தினமும் வைக்கும் படையல் அது. மிதிக்காமல் தாண்டி உள்ளே போனால் ஓட்டுக் கூரை போட்ட திறந்த கூடம். தடித்த மரமேசைகள், ஒவ்வொன்றிலும் அரைவட்டமாக ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு உட்கார வேண்டும். மடியில் விரிக்க ஒரு துணி. அது நம் உடை அழுக்காகாமல் இருக்க என்று நினைத்தால், இல்லை! அராவும்போது உதிரும் வெள்ளித்தூளைப் பிடிக்க. சாயங்காலம் எல்லாத் துணியையும் உதறிச் சேர்த்து மறுபடி உருக்கிவிடுவார்கள். பாலியில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது, வெளியிலிருந்து வாங்கி வரும் உலோகம். ஒரு துகள் வீணாகாது. நம் ஊர் நகைப்பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அலசித் தங்கம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எங்களுக்குச் சொல்லித்தந்தவரை எல்லோரும் 'ப்ளி' என்று கூப்பிட்டார்கள். பாலி மொழியில் அண்ணன். நானும் ப்ளி என்றே கூப்பிட்டேன். என்ன வேண்டும், மோதிரமா, டாலரா என்று கேட்டார். மோதிரம் என்றேன். மேலே குட்டிக் குட்டி மணிகள் வைத்தது, உங்கள் ஊர் மாதிரியே, என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்! அந்த மணி வேலைக்குத்தானே செலுக் பேர்போனது!

முதலில் வெள்ளி. சுத்த வெள்ளி நகைக்கு மென்மை அதிகம், வளைந்துவிடும். அதனால் 92.5 பங்கு வெள்ளியோடு 7.5 பங்கு செம்பு சேர்க்கிறார்கள். நகைக்குள் '925' என்று முத்திரை இருக்குமே, அதற்கு அர்த்தம் இதுதான். துண்டு வெள்ளியை மூசையில் போட்டு, ஒரு சிட்டிகை வெண்காரம் தூவி, ப்ளி காலை மேசைக்கு அடியில் நீட்டினார். அங்கேதான் எனக்குப் பிடித்த கருவி இருக்கிறது. காலால் மிதிக்கும் துருத்தி! மிதிக்க மிதிக்கக் காற்று ஒரு பெட்ரோல் டப்பாவுக்குள் போய், ஆவியை வாரிக்கொண்டு ரப்பர் குழாய் வழியாகக் கையிலிருக்கும் ஊதுகுழலுக்கு வருகிறது. மெல்ல மிதித்தால் மஞ்சள் தீ, அகலமாக, சோம்பலாக. வேகமாக மிதித்தால் நீலமாகக் கூர்ந்துவிடும். தீயின் குணம் முழுக்கக் காலில் இருக்கிறது. கை வெறுமனே திசை காட்டுகிறது.

வெள்ளி முதலில் கறுத்தது. பிறகு சிவந்தது. விளிம்புகள் மழுங்கின. துண்டுகள் ஒன்றோடொன்று சாய்ந்தன. சட்டென்று எல்லாம் ஒன்றாகி, மேல்பரப்பு பளீரென்று சுழன்றது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் 'ஆ' என்றோம். தினமும் பார்க்கும் ப்ளிகூடச் சொன்னார்!

வார்த்த கட்டியை இரட்டை உருளை மெஷினில் கொடுத்துக் கையால் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கட்டி மெலிந்து நீள்கிறது, கூடவே விறைத்தும் போகிறது. மேலும் உருட்டினால் விளிம்பு வெடிக்கும். அப்போது மறுபடி நெருப்பில் காட்டி, மங்கலான சிவப்பு வந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டால் பழைய மென்மை திரும்பிவிடுகிறது. எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், வெள்ளிக்கு அதுவே இளக்கம். இந்த ஒன்றைக் கையால் வளைத்துப் பார்த்து உணர்ந்ததற்கே கொடுத்த காசு தகும் என்பேன்.

அளவு எடுப்பதில் சின்னக் கணக்கு உண்டு. விரலுக்குச் சரியான வளையத்தின் உள்விட்டத்தோடு பட்டையின் கனத்தைக் கூட்டி, அதை 3.14-ஆல் பெருக்க வேண்டும். 17 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் என்றால் பட்டை 58 மில்லிமீட்டர். கனத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் மோதிரம் விரலில் ஏறாது. வெட்டிய பட்டையைக் கூம்பு வடிவ இரும்புத் தண்டில் வைத்து மரச்சுத்தியலால் தட்டி வளைத்து, இரு நுனிகளும் ஒளி புகாமல் முட்டும்வரை அராவ வேண்டும். 'பெலான் பெலான்' என்றார் ப்ளி. மெதுவாக, மெதுவாக. அன்று அதிகம் கேட்ட சொல் அதுதான்.

அடுத்தது பற்றவைப்பு. உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. மூட்டில் மட்டும் தீயைக் காட்டினால் சூடு அத்தனையும் மோதிரம் முழுக்க ஓடிவிடும், மூட்டு ஒட்டாது. மோதிரம் முழுவதையும் ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஊத வேண்டும். மூட்டில் வெண்காரமும் பற்றவைக்கும் பொடியும் தூவியிருக்கும். பொடி 700 டிகிரியைத் தாண்டி உருகும். 925 வெள்ளியே 800 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் நம் கால் துருத்தியை மிதித்துக்கொண்டிருக்கிறது! வெப்பமானி எதுவும் கிடையாது. வெள்ளியின் நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பொடி உருகும் கணத்தில் மூட்டு நெடுக ஒரு வெள்ளிக் கோடு சர்ரென்று ஓடுகிறது. ஓடியதும் தீயை எடுத்துவிட வேண்டும். கண் சிமிட்டினால் அந்தக் கோட்டைப் பார்க்க முடியாது. நான் சிமிட்டவில்லை!

இனி மணிகள். இதற்காகத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மெல்லிய வெள்ளிக் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி, மரக்கரித் துண்டின்மேல் இடைவெளி விட்டுப் பரப்புகிறார்கள். தீ பட்டதும் ஒவ்வொரு நறுக்கும் தானாகவே துள்ளி உருண்டையாகிவிடுகிறது. யாரும் உருட்டுவதில்லை! உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை அதைக் கோளமாகச் சுருட்டுகிறது. நறுக்கு நீளமாக இருந்தால் மணி பெரிது, குட்டையாக இருந்தால் சிறிது. கடுகைவிடச் சின்ன மணிகள் சல்லடையில் அளவுவாரியாகப் பிரிந்து கிண்ணங்களில் கிடந்தன.

அந்தப் பட்டறையில் மணி ஒட்டும் வேலை முழுக்கப் பெண்கள் கையில் இருந்தது. மூத்த அம்மா ஒருவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அவர் முன்னால் ஒரு கிண்ணத்தில் சிவப்பு விதைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குன்றிமணி! நம் ஊர்ப் பத்தர்கள் தலைமுறை தலைமுறையாகத் தராசில் தங்கத்துக்கு எதிரே வைத்து நிறுத்த அதே குன்றிமணி. வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிறோமே, அதே விதை. பாலியில் அதற்கு 'பிலிங் பிலிங்' என்று பேர். அங்கே அதை எடைக்கு வைத்திருக்கவில்லை, பசைக்கு வைத்திருக்கிறார்கள். விதையை அரைத்து எடுக்கும் பசையைத் தொட்டுத்தான் மணிகளை நகைமேல் நிறுத்துவது அவர்களுடைய மரபு. விதைக்குள் இருப்பது கொடிய விஷம், வாயருகே கொண்டுபோகவே கூடாது என்று அந்த அம்மா சைகையிலேயே எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்.

மெல்லிய தூரிகை நுனியைப் பசையில் தொட்டு, ஒரே ஒரு மணியைத் தூக்கி, மோதிரத்தின்மேல் வைக்கிறார். அடுத்தது, அதைத் தொட்டபடி. மூன்று மணி சேர்ந்தால் முக்கோணம், நடுவில் ஒன்றும் சுற்றி ஆறும் வைத்தால் பூ. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நானும் வைத்தேன். எல்லாம் நின்றதும் வெண்காரம் கலந்த பொடியைத் தூவி, மறுபடி நெருப்பு. ஆனால் இந்த முறை தீ தூரத்திலிருந்து, மெல்ல. ஏனென்றால் வெண்காரம் சூட்டில் பொங்கும், அவசரப்பட்டால் பொங்குகிற வேகத்தில் மணிகளைத் தள்ளிவிடும். பசை கருகும்வரை மணியைப் பிடித்துவைக்கிறது. பசை போனபின் பொடி உருகி அந்தப் பிடியை ஏற்றுக்கொள்கிறது. நகையில் பசையின் தடயமே மிஞ்சுவதில்லை. எத்தனை காலம் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த உபாயமோ, நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

நெருப்பிலிருந்து வரும் மோதிரத்தைப் பார்த்தால் நகை என்றே சொல்ல மாட்டீர்கள். செம்பு கறுத்து, மேலெல்லாம் கரி. அதை இளஞ்சூடான அமிலக் கரைசலில் போட்டு எடுத்தால் சுண்ணாம்பு வெள்ளையாக, ஒளியே இல்லாமல் வருகிறது. மேலே இருந்த செம்பு கரைந்துபோய், கிட்டத்தட்டச் சுத்த வெள்ளியின் தோல் மட்டும் மிஞ்சுவதால் அந்த நிறம். பிறகு பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், பித்தளை பிரஷ். தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து பளபளப்பு ஏறுகிறது. குழிகளை மட்டும் கறுப்பாக்க ஒரு கந்தக மருந்தில் முக்கி, மேட்டைத் துடைத்துவிட்டால் மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அழுகிய முட்டை நாற்றம்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள்!

சுவரில் சின்னப் பூஜை மாடம். பாலியில் உலோகத் தொழில் செய்யும் பாண்டே குலத்தார் தங்களை நெருப்பின் தெய்வமான பிரம்மாவின் வழிவந்தவர்களாகக் கருதுகிறவர்கள். அவர்களுக்கென்று தனிப் பூசாரிகள், பெசாக்கி பெருங்கோயிலில் தனிச் சந்நிதி. செலுக்கில் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களும் பாண்டே குடும்பத்தார்தான் என்கிறார்கள், இன்று மற்றக் குடும்பங்களும் செய்கின்றன. 210 நாள் சுழற்சி கொண்ட பாலி நாட்காட்டியில் சுற்றுக்கு ஒருமுறை தும்பெக் லண்டெப் என்ற நாள் வரும். கிரீஸ் குறுவாள் முதல் மோட்டார் பைக் வரை உலோகம் அத்தனைக்கும் பூஜை. நம் ஆயுத பூஜையேதான்! அன்று சுத்தியலும் குறடும் பூச்சூடி உட்கார்ந்திருக்குமாம்.

மோதிரத்துக்குள் '925' முத்திரையை நானே ஒரே தட்டில் அடித்தேன். பிறகு திரும்பி ஷோரூமுக்குள் போனேன், இப்போது எல்லாம் வேறாகத் தெரிந்தது. ப்ளி பூதக்கண்ணாடி கொடுத்து இரண்டு மோதிரங்களை வைத்தார். அச்சில் வார்த்ததில் மணிகளின் அடி நிரம்பி, பரப்போடு ஒட்டிப் போயிருக்கிறது. கையால் ஒட்டியதில் மணி ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு நிற்கிறது, அடியில் மெல்லிய நிழல் விழுகிறது. இரண்டின் விலைக்கும் இடையில் உள்ள தூரம் அந்த நிழல்தான். அதைப் பார்த்த பிறகு கையால் செய்ததற்குப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. பேசக் கூடாது என்றே சொல்வேன்.

நீங்கள் போகும்போது பருத்தி உடையும் மூடிய செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள், முடியை இறுக்கக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டணத்தில் எத்தனை கிராம் வெள்ளி அடக்கம், கூடினால் கிராமுக்கு எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: ஊதுகுழலை என் கையில் தருவீர்களா? சில இடங்களில் நெருப்பு வேலையை அவர்களே முடித்துவிட்டு, தேய்த்து மெருகேற்ற மட்டும் நம்மிடம் தருவார்கள். அந்த வகுப்பு வேண்டாம். துருத்தியை நம் காலே மிதிக்கிற வகுப்பில் சேருங்கள்.