கூரைக்கும் வாடகை

ஓலைக் குடிசையில் பிறந்தோர் மாடி வீட்டுக்கு ஏங்க, மாடி வீட்டார் விடுமுறைக்கு ஓலைக் குடிசையைத் தேடுவது விந்தையன்றோ? அயர்லாந்தின் நாட்டுப்புறங்களில் வைக்கோலும் நாணலும் வேய்ந்த குடில்கள் விருந்தினருக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. அத்தனை தூரம் போவானேன்? தொழிற்சாலைகள் சூழ்ந்த எங்கள் மேட்டுப்பாளையத்துக்கு வடக்கே, 1968-இல் தோன்றிய ஆரோவில்லின் விருந்தினர் இல்லங்கள் சிலவற்றிலும் கீற்றுக் குடில்கள் உண்டு.

இவற்றின் அமைப்பு எளியது. சவுக்குக் கழிகளால் சட்டம் கட்டி, முடைந்த தென்னங்கீற்றை இறவாணத்திலிருந்து முகடு நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வேய்வர். சரிவு குறைந்தால் மழைநீர் தங்கிக் கீற்று மக்கிவிடும். வெப்பத்தைக் கீற்று எளிதில் கடத்தாது. ஆதலால் சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமை. ஆயினும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்றியாக வேண்டும்.

கீற்றுக்குப் பகை நெருப்பும் புயலும். குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2010-இல் தொடங்கியது. மறு ஆண்டு டிசம்பர் 30-இல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல், அதன் நியாயத்தை நமக்கு உணர்த்தியது. ஏழைக்கு உறுதியான வீடு வேண்டும், ஐயமில்லை. ஆனால், கீற்று முடையும் பெண்களுக்கும் கூரை வேய்வோருக்கும் வேலை எங்கே?

குடில் எடுக்கும் நண்பர்களே, மூன்று கேள்விகள் கேளுங்கள்: கூரை எப்போது மாற்றியது? அடுப்பு தனியிடத்திலா? மின்கம்பி கீற்றில் படாமல் செல்கிறதா? வாடகை சற்றுக் கூடுதலெனில் முகம் சுளிக்காதீர்கள். அதில் ஒரு பங்கு அடுத்த கூரைக்கான கூலி என்றே நான் கருதுகிறேன்.