தடிமனும் கோதுமை ஒவ்வாத உடம்பும்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, வாடைக்காற்றும் வீசத் தொடங்கிவிட்டால், நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் தடிமன் புகாத வீடு அரிது. உடனே அடுப்பில் மல்லித்தண்ணீர் கொதிக்கும். வேர்க்கொம்பும் மிளகும் தட்டிப்போட்டு, நன்றாக வற்றக் காய்ச்சி, பனங்கட்டியுடன் பருகுவது தீவக வழக்கம். தூதுவளை இரசமும், கற்பூரவள்ளிச் சாறும், நொச்சியிலை ஆவியும் அதற்குத் துணை.

இவை தடிமனை உண்டாக்கும் வைரசைக் கொல்வன அல்ல. தொண்டைக்கு இதந்தந்து, மூக்கடைப்பைச் சற்றே தளர்த்தும். ஏழு அல்லது பத்து நாளில் உடம்பு தானே தேறிவிடும். ஆயினும் இவற்றுக்கு வேறொரு சிறப்புண்டு. இம்மூலிகைகளுள் எதிலும் கோதுமை இல்லை. இதுவும் ஒரு சிறப்போ என நேயர்கள் நகைக்கலாம். சீலியாக் நோயுள்ள பிள்ளையை வளர்க்கும் தாய் நகைக்கமாட்டாள்.

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் எனப்படும் புரதம் உண்டு. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகின்றதே, அவ்விழுவைக்குக் காரணம் அதுவே. சீலியாக் நோயாளருக்கு அது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடும். உண்பது உடம்பில் ஒட்டாது, வயிறு ஊதும், கழிச்சல் காணும், இரத்தம் குன்றும், பிள்ளையாயின் வளர்ச்சி தடைப்படும். இவ்வுண்மையை நிலைநாட்டியவர் டிக்கே என்ற குழந்தை வைத்தியர். நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்று தம் நகரொன்றின் பெயரைச் சூட்டிச் சென்ற ஒல்லாந்தரின் நாட்டவர் அவர். பாண்மீது அவருக்குப் போருக்கு முன்னரே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அந்நாட்டில் பாண் அருகியபோது, அவர் ஐயம் வலுத்தது. 1950இல் அதனை ஆய்வுநூலாக வெளியிட்டார்.

ஆகவே ஆபத்து கசாயத்தில் இல்லை; கசாயத்தோடு கூடி வருவனவற்றில் உண்டு. காய்ச்சற்காரருக்கென அன்போடு காய்ச்சும் பார்லித்தண்ணீர், தோய்த்துக் கொடுக்கும் றஸ்க், மோல்ற் கலந்த பானம் யாவும் விலக்கத்தக்கன. இரசத்திலிடும் கூட்டுப்பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். இதனை அறிந்தோர் சிலரே. அரிசிமாவுடன் கோதுமை மாவைக் கலந்து இடியப்பம் அவிப்பதும் நம்மவர் பழக்கம். அவிப்பதனால் குளூட்டன் அழிந்துவிடாது. கோதுமை மா வறுத்த சட்டியிலேயே மல்லியை வறுத்தலும் ஆகாது. முழு மல்லியாக வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டில் இடிப்பதே உத்தமம்.

பிள்ளைக்கு உணவாக எதைக் கொடுப்பது? சிவப்பரிசிக் கஞ்சி இருக்கிறது; குரக்கன் இருக்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாகப் பனை இருக்கிறது. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கயர்ப்பு நீரை வடித்து, மீனும் நண்டும் முருங்கையிலையும் புளியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய கூழை, வாய் கசந்த நோயாளியும் மறுக்கமாட்டார். காரம் மூக்கையும் திறந்துவிடும்! சிறுவர்க்கு உறைப்பைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

மாத்திரைகளிற் சேர்க்கப்படும் மாப்பொருள் எதுவென்று மருந்துக் கடையில் விசாரித்தே வாங்குதல் வேண்டும். நோய் இருக்குமோ என ஐயுறுவோர், இரத்தப் பரிசோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் நோய் வெளிப்படாமற் போகலாம்.

மூச்சு விரைந்து நெஞ்சு உட்குழிந்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தாலோ மல்லித்தண்ணீரை நம்பியிருத்தல் தகாது. நெடுந்தீவார் குறிகட்டுவானுக்குக் கடல் கடந்தாக வேண்டும். வாடைக்காலத்தில் அக்கடல் எப்போது கொந்தளிக்குமென்று சொல்ல முடியாது. படகு ஓடும்போதே பிள்ளையைக் கொண்டு புறப்படுதல் வேண்டும்.