கோடைக்குப் பாவு போடும் மாதம்

படிக்கக் கிடைக்கும் பணம் – 9

மே மாதம் ஆரணியில் தறி ஓய்வதில்லை. வைகாசி முகூர்த்தங்களுக்குப் புடவை போயாக வேண்டும். கல்லூரிக்கு லீவு விட்டாயிற்று, வீட்டில் இரண்டு கை கூடுதலாக இருக்கிறது. தார் சுற்றவும், அறுந்த இழையைப் பிணைக்கவும், கோர்வைப் புடவை என்றால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். பி.எஸ்.சி. படிக்கிற பிள்ளை என்றாலும் அந்த இரண்டு மாதம் தறிக்குத்தான் சொந்தம். அப்படி ஒரு வீட்டில் ஒரு பெண் மெல்லப் பேச்செடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"அப்பா, லீவுல ரெண்டு மாசம் பெங்களூரு போகணும்ப்பா. ஆராய்ச்சிக்கு."

"எவ்ளோ கட்டணும்?"

"நாம எதுவும் கட்ட வேணாம். அவங்கதான் மாசாமாசம் குடுப்பாங்க."

"சும்மா எவன்மா காசு குடுப்பான்?"

அப்பாவின் சந்தேகத்தில் தப்பில்லை. 'இன்டர்ன்ஷிப்' என்ற சொல்லைப் பலகையில் எழுதி, பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் அச்சடித்துத் தரும் கடைகள் இன்று எல்லா ஊரிலும் முளைத்துவிட்டன. அதனால் முதலில் ஒரு உரைகல்லைச் சொல்லிவிடுகிறேன். யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். உண்மையான கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் மாணவர் பணம் வாங்குவார். மாணவர் பணம் கட்ட வேண்டியிருந்தால் அது வேறு வியாபாரம்.

சும்மா கொடுக்கிறவர்களில் மூத்தவர்கள் நம் மூன்று அறிவியல் கழகங்கள் (அகாடமிகள்). பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகம், டெல்லியின் இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. கல்லூரி மாணவர் ஒருவரை நாட்டில் எங்காவது ஒரு ஆய்வாளரிடம் இரண்டு மாதம் அனுப்பிவைப்பார்கள். மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் உதவித்தொகை உண்டு. அறிவியல் மாணவர்களும் பொறியியல் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில் படிக்கிறவருக்கும், பஸ் ஏறிச் செய்யாறு அரசுக் கலைக்கல்லூரிக்குப் போகிறவருக்கும் ஒரே விண்ணப்பம்தான். அதில் மதிப்பெண் கேட்பார்கள், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்ய ஆசை என்று 250 சொற்களுக்குள் எழுதச் சொல்வார்கள்.

இதில் சிக்கல் மதிப்பெண்ணில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. இந்த விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் கடைசியில் மூடிவிடும். தீபாவளிப் புடவை அவசரம் முடிந்து செமஸ்டர் தேர்வு நெருங்கும் அந்த நேரத்தில் அடுத்த ஆண்டு மே மாதத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? லீவில் என்ன செய்வது என்று ஏப்ரலில் யோசிப்பதுதான் நம் பிள்ளைகளின் இயல்பு. நெசவாளர் வீட்டில் இதைப் புரியவைக்க ஒரு வசதி இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பாவு போடுகிறவர் எவரும் இல்லை. கோடைக்கான பாவை ஐப்பசி, கார்த்திகையிலேயே போட்டுவிட வேண்டும்.

இப்படி ஒரு கோடையைச் செலவழித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர். 1928 கோடையில் அவர் கல்கத்தா போனார். அப்போது அவருக்கு வயது 17. போன இடம் பவ்பஜார் தெருவில் இருந்த சி.வி. ராமனின் ஆய்வகம். பிப்ரவரி 28 அன்றுதான் அங்கே ராமன் விளைவு கண்டறியப்பட்டிருந்தது. அந்தப் பரபரப்பு அடங்காத வீட்டுக்குள் நுழைவதென்றால் எப்படி இருந்திருக்கும்! மாணவருக்கு அங்கே கருவி வேலை கைவரவில்லை. தன் கை காகிதத்துக்கும் பேனாவுக்கும் உரியது என்று தெரிந்துகொண்டு திரும்பினார். அதே ஆண்டு காம்ப்டன் விளைவு பற்றி அவர் எழுதிய கட்டுரை இந்திய இயற்பியல் இதழில் வந்தது. மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இன்னொன்று. எஸ். சந்திரசேகர். 1983இல் நோபல் பரிசு.

கோடை ஆய்வின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்தக் கருவி விஷயத்தைத்தான். எது தனக்கு வராது என்பதை இரண்டே மாதத்தில், பெரிய நஷ்டமில்லாமல் தெரிந்துகொள்ளலாம். முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் அதைத் தெரிந்துகொள்கிறவர்கள் கொடுக்கும் விலை பெரிது.

ஆனால் சந்திரசேகர் கதையைக் கல்லூரி விழா மேடைகளில் சொல்கிறவர்கள் ஒரு சிறு விவரத்தை விழுங்கிவிடுகிறார்கள். ராமன் அவருடைய சித்தப்பா. அன்று கல்கத்தா ஆய்வகத்துக்குப் போக விண்ணப்பமும் கிடையாது, கடைசித் தேதியும் கிடையாது. வீட்டில் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். இன்றைய திட்டங்கள் அந்தச் சித்தப்பாவின் இடத்தில் ஒரு படிவத்தை வைத்திருக்கின்றன. பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படிவம் ஒன்று இருக்கிறது என்று சொல்லவாவது ஆள் வேண்டுமே. சென்னை, பெங்களூருவின் பேர்பெற்ற கல்லூரிகளில் அதை மேல் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்கிறவருக்கு அந்த அக்கா இல்லை.

அடுத்தது பணம். உதவித்தொகையின் அளவைச் சும்மா பார்க்கக் கூடாது, அது எந்தக் கூலிக்குப் பதிலாக வருகிறது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கும் நம்மிடமே பழைய கணக்கு ஒன்று உண்டு. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜனுக்கு மாதச் சம்பளம் 30 ரூபாய். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தது. கல்லூரிப் பட்டம் இல்லாத மனிதருக்கு விதியைத் தளர்த்திக் கொடுத்த பணம் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன கண்டுபிடித்தார் என்று அறிக்கை தர வேண்டும், நிபந்தனை அதுதான். கையில் இருந்த சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. குடும்பத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கணக்குப் பேரேட்டை விட்டு எழுந்து கணிதத்துக்குப் போனார்.

ஆரணி வீட்டின் கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்காது. அந்தப் பெண் வாங்கப்போகும் உதவித்தொகை, வெளியூரில் தங்கிச் சாப்பிட்ட செலவு போக வீட்டுக்கு என்ன மிச்சம் தரும்? அவள் இல்லாததால் தறியில் எத்தனை புடவை குறையும்? விடுதி உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு என்பதை நிறுவனத்துக்கு நிறுவனம் விசாரித்தாக வேண்டும். பணம் முதல் நாளே கைக்கு வந்துவிடும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், 2024இல் பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் தொகையும் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் உதவுகின்றன. கோடையில் இழக்கும் தறிக்கூலியை அவற்றால் ஈடுகட்ட முடியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1969இல் இளநிலை மாணவர்களை ஆய்வகத்துக்குள் விடத் தொடங்கியபோது அந்த வேலைக்குக் கூலியோ பாட மதிப்பெண்ணோ உண்டு என்று வைத்தார்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் கோடை ஆய்வை முடித்து வரும் பிள்ளைக்குக் கிடைப்பது அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம்.

ஓரளவு தாராளமானது மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகை. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 படிப்புக்கு, 20,000 கோடையில் ஒரு ஆய்வாளரிடம் வேலை பார்க்க. பிளஸ் டூவில் தங்கள் தேர்வு வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படை அறிவியலில் பட்டப்படிப்பு சேர்ந்தவர்களுக்கு இது. பொறியியல் எடுத்தவர்களுக்குக் கிடையாது. ஒரே தெருவில் ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் செய்யாற்றில் இயற்பியல் படிக்கிறவருக்கு உண்டு, தச்சூரில் இயந்திரவியல் படிக்கிறவருக்கு இல்லை. பொறியியல்தான் படிப்பு என்று நினைக்கும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கலாம்.

இவை தவிர சென்னை ஐ.ஐ.டி., தரமணியின் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு ஜக்கூரின் ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையம், மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் ஆகியவை தனித்தனியாகக் கோடைத் திட்டங்கள் நடத்துகின்றன. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அவரவர் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகவே முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டம் இருக்கிறது. சொந்தக் கல்லூரியில் செய்யும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கே சிறு தொகை கிடைக்கும்.

இனி அந்த 250 சொற்கள். பெரும்பாலான பிள்ளைகள் சறுக்கும் இடம் இது. 'எனக்குச் சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்கினால், அதே வாக்கியத்தில் தொடங்கும் ஆயிரம் விண்ணப்பங்களோடு அதுவும் போய்ச் சேரும். ஆரணிப் பிள்ளைக்கு அந்தக் கஷ்டமே வரக் கூடாது. கேள்வி சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாயம் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கிறோம். எதற்கு? பட்டுப்புழு கூடு கட்டும்போது ஃபைப்ராயின் என்ற இழையை இழுத்து, அதன்மேல் செரிசின் என்ற பசையைப் பூசிவைக்கிறது. இரண்டுமே புரதம். பசை இருக்கிறவரை நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். அது போனால்தான் பட்டின் மினுமினுப்பு வெளியே வரும், சாயமும் சீராகப் பிடிக்கும். கிலோ நூலை வேகவைத்தால் ஏறக்குறைய கால்வாசி எடை குறைந்துவிடும் என்பது சாயக்காரருக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கால்வாசி எங்கே போகிறது? நுரைத்த தண்ணீரோடு போகிறது. போகிற இடத்தில் அழுகி, தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்கிறது. தோலுக்குப் பூசும் கிரீம்களில் இதே செரிசினைச் சேர்க்கிறார்கள். புண்ணுக்குப் போடும் கட்டுகளில் பயன்படுத்தலாமா என்று பல நாட்டு ஆய்வகங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஊற்றிவிடுவதை அவர்கள் எடை போடுகிறார்கள்.

ஒரு அண்டா வேகவைத்த தண்ணீரில் எவ்வளவு செரிசின் இருக்கும்? அமிலம் விட்டோ, நுண்சவ்வு வழியாக வடிகட்டியோ அதைப் பிரிக்க முடியுமா? கலந்திருக்கிற சோப்பை என்ன செய்வது? பெரிய ஆலைக்கு இல்லாமல் நாலு அண்டா வைத்திருக்கும் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகும் வழி எது? வேதியியல் மாணவிக்கு இதில் இரண்டு மாத வேலை இருக்கிறது, தாராளமாக. பொதுவாக 'நானோ' என்று தலைப்பு வைப்பதைவிட இது எத்தனையோ மேல். என் கட்சி இது. நானோ அன்பர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, அந்த மூன்று கழகங்களின் திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி. மாணவர்களைப் போலவே கல்லூரி ஆசிரியர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம், அவர்களுக்கும் உதவித்தொகை உண்டு. ஆரணி வட்டாரக் கல்லூரிகளில் முதலில் போக வேண்டியவர் ஆசிரியர்தான் என்பேன். ஒரு மாணவி போய்வந்தால் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடலாம். ஒரு விரிவுரையாளர் போய்வந்தால் இருபது ஆண்டுகளுக்கு ஒவ்வொரு நவம்பரிலும் வகுப்பில் அந்தத் தேதியைச் சொல்வார். சந்திரசேகருக்கு ஒரு சித்தப்பா செய்ததை அவர் ஊருக்கே செய்யலாம். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் பிள்ளையிடம் 'நீயே எழுதிக்கிட்டு வா, கையெழுத்துப் போடறேன்' என்றும் சொல்ல மாட்டார், ஏனென்றால் அந்தக் கடிதத்தை மறுமுனையில் யார் படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கடிதத்தைப் பற்றி அடுத்த வாரம். அதற்குள் நம் ஆரணிப் பெண் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சாயப்பட்டறைக்கு ஒரு நடை போய்வரட்டும். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை குடம் தண்ணீர், எத்தனை கிராம் சோப்பு, வெந்து காய்ந்த பிறகு எடை எவ்வளவு என்று கேட்டு நோட்டில் குறித்துவைக்கட்டும். கேள்வியை அப்பாவே கேட்டால் சாயக்காரர் சரியான எடையைச் சொல்வார்.