மைசூருவில் இருந்த கல்வெட்டுப் படிகள்: கோப்புறை ஒத்திசைவு எதைக் காக்கும், எதைக் காக்காது?

மைசூரு: இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு மைசூருவில் இயங்கி வருகிறது. தமிழகக் கோயில் சுவர்களில் இருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட மைப்படிகள் பல பத்தாண்டுகளாக இங்குதான் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தமிழகத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்று ஆய்வாளர்கள் நீண்ட காலமாகக் கோரி வந்தனர். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுப் படிகள் அனைத்தையும் 6 மாதங்களுக்குள் சென்னைக்கு மாற்றுமாறு உத்தரவிட்டது.

மொழி உரிமை, காலிப் பணியிடங்கள், பாதுகாப்பு என இந்த விவகாரத்துக்குப் பல முகங்கள் உண்டு. அவற்றின் அடியில் ஓர் எளிய உண்மை இருக்கிறது. ஒரு காகிதம் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் இருக்க இயலாது. கணினிக் கோப்புறைக்கு அந்தத் தடை இல்லை. மைசூருவிலும் சென்னையிலும் மதுரையில் உள்ள ஓர் ஆய்வு மாணவரின் மடிக்கணினியிலும் அதே கோப்புறை ஒரே நேரத்தில் இருக்க முடியும். ஆனால் அப்படி இருப்பதால் அது பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளா என்பது வேறு கேள்வி.

ஒரே ஒரு காகிதம்

மைப்படி எடுப்பது எளிய தொழில்நுட்பம், ஆனால் கடினமான உழைப்பு. கல்லைத் துடைத்துச் சுத்தம் செய்து, நனைத்த காகிதத்தை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துகளின் பள்ளத்துக்குள் காகிதத்தை இறங்கச் செய்வர். பிறகு மேற்பரப்பில் மை ஒற்றுவர். கருப்புப் பின்னணியில் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும்.

1886ஆம் ஆண்டு அரசின் கல்வெட்டு அறிஞராக யூஜின் ஹுல்ட்ஷ் நியமிக்கப்பட்ட காலம் முதல் இந்தப் பணி முறையாக நடந்து வருகிறது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளியானது. உதகமண்டலத்தில் இருந்த அலுவலகம் 1966இல் மைசூருவுக்கு இடம் மாறியது. படிகளும் உடன் வந்தன.

இடைப்பட்ட காலத்தில் பல கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்பட்டன. மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்யப்பட்ட கற்களில் எழுத்துகள் தேய்ந்தன. சில கற்கள் இடம் மாறின, சில காணாமல் போயின. இத்தகைய இடங்களில் மைப்படி வெறும் நகல் அன்று. அதுவே எஞ்சியிருக்கும் சான்று.

2023-24ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில், கல்வெட்டுகளுக்கான தேசியப் பகிர்வுக் களஞ்சியம் ஒன்று அமைக்கப்படும் என்றும், முதல் கட்டமாக 1 லட்சம் கல்வெட்டுகள் மின்மயமாக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அரசு தன் வழியில் செய்யட்டும். தமக்கெனக் கல்வெட்டுப் படங்களையும் ஓலைச்சுவடிப் படங்களையும் வாசிப்புக் குறிப்புகளையும் சேர்த்து வைத்திருக்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், ஆர்வலர் குழுக்கள் ஏராளம். அவர்களின் சேகரிப்பு பெரும்பாலும் ஒரு பகிர்வுக் கோப்புறையில்தான் இருக்கிறது.

ஒத்திசைவு எப்படி நடக்கிறது?

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவை நிறுவனத்தின் சர்வர் வழியாகக் கோப்புறைகளை ஒத்திசைக்கின்றன. சிங்திங் என்ற கட்டற்ற மென்பொருளில் நடுவில் கோப்புகளைச் சேமிக்கும் சர்வர் இல்லை. கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அடிப்படை முறை ஏறக்குறைய ஒன்றுதான். மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. கோப்பு மாறினால் எந்தத் துண்டின் எண் மாறியுள்ளது என்று பார்த்து, அந்தத் துண்டை மட்டும் மற்ற கணினிகளுக்கு அனுப்புகிறது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது, ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற நிரல்.

ஒத்திசைவு மென்பொருளுக்கு இடப்பட்டிருக்கும் கட்டளை, "எல்லா இடங்களும் ஒன்றுபோல் இருக்கட்டும்" என்பதே. "எதையும் இழக்காதே" என்பது அன்று. ஒரு கணினியில் கோப்பு நீக்கப்பட்டால், அதுவும் ஒரு மாற்றமே. அந்த மாற்றம் மிகுந்த நேர்மையுடன் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும். பணம் பறிக்கும் வைரஸ் ஒரு கணினியில் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய வடிவமே மற்ற இடங்களுக்கும் பரவும்.

இந்தச் செய்தியாளர் மொழிபெயர்ப்புப் பட்டயம் பயின்ற நாட்களில், நான்கு பேர் சேர்ந்து ஆட்சித்துறைக் கலைச்சொற் பட்டியல் ஒன்றைப் பகிர்வுக் கோப்புறையில் தொகுத்து வந்தோம். மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று ஒரு தோழி அந்தக் கோப்புறையைத் தன் கணினியில் இருந்து நீக்கினார். "என் பிரதியைத்தானே நீக்கினேன்" என்று அவர் நினைத்தார். மாலைக்குள் நான்கு கணினிகளிலும் அது இல்லை. குப்பைத்தொட்டியில் இருந்து மீட்டோம். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் ஒரு கோப்பு 30 நாட்கள் மட்டுமே தங்கும். விடுமுறைக் காலமாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

858 டெராபைட்

பகிர்வுக் கோப்புறையையே காப்புப்பிரதி என்று எண்ணுவதன் விளைவைத் தென் கொரியா அண்மையில் கண்டது. அந்நாட்டு அரசு ஊழியர்கள் பணி ஆவணங்களைத் தங்கள் கணினியில் வைக்காமல் 'ஜி-டிரைவ்' என்ற அரசுப் பொதுச் சேமிப்பகத்தில் வைக்குமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தனர். 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரில் உள்ள தேசியத் தரவு மையத்தில் பேட்டரியில் தொடங்கிய தீ அந்தச் சேமிப்பகத்தையும் அழித்தது. 858 டெராபைட் தரவு போனது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியில் காப்புப்பிரதி எடுக்கப்படவில்லை.

எனவே, கல்வெட்டுப் படங்கள் போன்ற மாறக் கூடாத கோப்புகளையும், வாசிப்புக் குறிப்புகள் போன்ற அன்றாடம் மாறும் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைக்காமல் இருப்பது நல்லது. குறிப்புகளுக்கு இருவழி ஒத்திசைவு பொருந்தும். மூலப் படங்களை ஒருவழியாக மட்டும் அனுப்ப வேண்டும். சிங்திங்கில் ஒரு கணினியை 'அனுப்ப மட்டும்' என்றும் மற்றொன்றைப் 'பெற மட்டும்' என்றும் அமைக்கலாம். அப்போதும் அனுப்பும் கணினியில் நீக்கினால் பெறும் கணினியிலும் நீங்கும் என்பதால், பெறும் கணினியில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்கியிருக்க வேண்டும். இவற்றுக்கு மேல், ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, கணினியில் இருந்து கழற்றி, வேறு வீட்டில் வைத்துவிடலாம். கழற்றி வைத்த டிஸ்கை எந்த ஒத்திசைவும் தொட முடியாது.

அப்படி நகலெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்புறையில் பெயர் தெரிவதால் கோப்பு கணினியில் இருக்கிறது என்று பொருளல்ல. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகியவை இடத்தை மிச்சப்படுத்த, கோப்பின் பெயரை மட்டும் காட்டிவிட்டு உள்ளடக்கத்தைச் சர்வரிலேயே வைத்திருப்பது உண்டு. ஒன்டிரைவில் பெயருக்கு அருகே மேகச் சின்னம் இருந்தால் அந்தக் கோப்பு இணையம் இருந்தால்தான் திறக்கும். சிக்னல் இல்லாத மலையடிவாரக் கோயிலில் போய் நிற்கும்போது இதைத் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால்

இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால், எது சரி என்று மென்பொருள் முடிவு செய்வதில்லை. பெரும்பாலான சேவைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் 'முரண்பட்ட பிரதி' என்ற பொருள்படும் குறிப்பைச் சேர்க்கும். அதை அழித்துவிடாமல் ஒப்பிட்டுச் சேர்ப்பது மனிதரின் வேலை. ஒரு கல்வெட்டு வரியை இருவர் இரு விதமாக வாசித்திருந்தால், அந்த முரண்பாடே ஆய்வுக்குத் தேவையான செய்தியாகவும் இருக்கலாம்.

தமிழில் பெயரிடுவோருக்கு மட்டும் உரிய தொல்லையும் உண்டு. 'சோழர்' என்ற சொல்லில் உள்ள 'சோ'வை யூனிகோடு முறையில் இரு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துச் சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கொள்கின்றன. ஆகவே 'சோழர்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே தோன்றி, படங்களில் பாதி ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் கிடக்க நேரிடலாம். கொ, கோ, கௌ ஆகிய மூன்று வரிசைகளிலும் இந்தச் சிக்கல் உண்டு.

பெயரின் நீளமும் இடறும். 'தஞ்சாவூர்' என்பது கண்ணுக்கு 5 எழுத்து. கணினிக்கு அது 9 குறிகள். லினக்ஸ் பயன்படுத்தும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வீதம் 27 பைட். அங்கு ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறக்குறைய 85 தமிழ்க் குறிகள். ஊர், கோயில், மன்னர், ஆட்சியாண்டு, சுவரின் திசை என அனைத்தையும் பெயரில் எழுதும் வழக்கம் உள்ளவர்களின் கோப்பு விண்டோஸில் சேமிக்கப்படும், லினக்ஸில் இயங்கும் சேமிப்பகத்துக்குப் போகாமல் நின்றுவிடும். ஒத்திசைவு மென்பொருளின் பிழைப் பட்டியலை வாரம் ஒரு முறையாவது பார்ப்பது பயன் தரும்.

கோப்புறை யாருடையது?

பிறருடன் பகிரும்போது, பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர் என அனுமதி நிலைகள் உண்டு. திருத்தும் அனுமதியைக் குழுவில் உள்ள எல்லோருக்கும் வழங்கத் தேவையில்லை. 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைத்தால், வாட்ஸ்ஆப் குழுக்களில் அந்த இணைப்பு எதுவரை போகும் என்பதைப் பகிர்ந்தவர் அறிய மாட்டார்.

அனுமதியைவிட முக்கியமானது உரிமை. மைப்படிகள் மைசூருவுக்கா சென்னைக்கா என்பதை நீதிமன்றம் முடிவு செய்ய முடிந்தது. தனிநபர் கணக்கில் உள்ள கோப்புறைக்கு அந்தக் கணக்கை வைத்திருப்பவரே உரிமையாளர். 50 பேர் அதைப் பயன்படுத்தி வந்தாலும், அவர் நீக்கினால் அது நீங்கும். கல்வி நிறுவனம் வழங்கிய கணக்காக இருந்தால், படிப்பு முடிந்து கணக்கு மூடப்படும்போது கோப்புறையும் போகலாம். இதைத் தவிர்க்கவே நிறுவனக் கணக்குகளில் 'பகிர்வு டிரைவ்' என்ற தனி வசதி இருக்கிறது. அதில் உள்ள கோப்புகள் நிறுவனத்துக்கு உரியவை. சேர்த்தவர் விலகினாலும் அவை இருக்கும்.

தனிநபர் கணக்குகளுக்கு இந்த வசதி இல்லை. 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்துடன் நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. பணி ஓய்வுக்குப் பின் ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளைப் படமெடுத்த ஆசிரியர் ஒருவர் காலமானால், அவருடைய கடவுச்சொல் குடும்பத்தாருக்குத் தெரியாத நிலையில், அந்த 2 ஆண்டுக் கெடு யாரும் அறியாமலேயே ஓடத் தொடங்கும். இதற்கென அதே நிறுவனம் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்ற அமைப்பை வைத்துள்ளது. கணக்கு 3, 6, 12 அல்லது 18 மாதங்கள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் யாருக்குத் தகவல் தர வேண்டும், எந்தத் தரவை அவர்கள் பதிவிறக்கலாம் என்பதை முன்கூட்டியே குறிப்பிடலாம். அதிகபட்சம் 10 பேரைச் சேர்க்கலாம். கணக்கு அமைப்புகளில் தரவு, தனியுரிமை பற்றிய பக்கத்தில் அது இருக்கிறது. நிரப்ப சில நிமிடங்களே ஆகும்.