ஹெல்மெட் எங்கேன்னு கேளுங்க!

ஜவ்வாது மலை அடிவாரத்தில் வசிப்பவள் நான். பக்கத்து மலையான ஏலகிரியில் பாராகிளைடிங் விழா நடந்ததைப் பார்த்ததிலிருந்து, எங்கள் பகுதி பிள்ளைகளுக்கும் பறக்கும் ஆசை தொற்றிக் கொண்டது. கல்லூரியில் படிக்கும் என் மகளும், 'ரெண்டு நாள் பயிற்சிதாம்மா... பணம் கட்டிடட்டுமா?' என்று நச்சரித்தாள்.

'நேர்ல பார்த்துட்டுத்தான் பணம்' என்று சொல்லி, வெளியூரில் நடந்த அந்த முகாமுக்கு நானும் கூடவே போனேன். பிள்ளைகள், பாராசூட் போன்ற இறக்கையை உடம்பில் மாட்டி, தரையில் ஓடிப் பழகிக் கொண்டிருந்தனர். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. கேட்டால், 'இது தரைப் பயிற்சிதானே மேடம்... மேலே போகும்போது தருவோம்' என்றார், பயிற்சியாளர். காட்டச் சொன்னேன்; பழைய ஸ்கூட்டர் ஹெல்மெட் ஒன்றை நீட்டினார். மகளை அழைத்துக் கொண்டு திரும்பி விட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பரவாயில்லை.

பறக்கப் பழகிய உறவுக்காரப் பையனிடம் விசாரித்தேன். 'அத்தை... திடீர்னு காத்தடிச்சா, தரையில நிக்கிற ஆளையே இறக்கை இழுத்துட்டுப் போயிடும். ஹெல்மெட் போட்டு, வாரை மாட்டின பிறகுதான், இறக்கையோட கொக்கியை மாட்டணும். கழட்டும்போது ஹெல்மெட்தான் கடைசி' என்றான்.

டூவீலர் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.4151 என்ற தரம் இருப்பது போல, இப்படிப் பறப்பவர்களின் ஹெல்மெட்டுக்கு, ஈ.என்.966 என்ற ஐரோப்பியத் தரம் உண்டாம். எடை குறைவாக, பக்கப் பார்வையை மறைக்காமல் இருக்குமாம்.

கடந்த 2018ல், கோவை அருகே கல்லூரியில் நடந்த பேரிடர் பயிற்சியில், மாடியிலிருந்து குதிக்க வைக்கப்பட்ட மாணவி இறந்ததை மறக்க முடியுமா? பயிற்சி தந்தவருக்கு அரசு அங்கீகாரமே இல்லை என்பது, அதன் பிறகுதான் தெரிந்தது. இமாச்சலப் பிரதேசத்திலும், பாராகிளைடிங்கில் சிறுவன் ஒருவன் பலியான பிறகே, 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, தடை விதித்தது.

தோழியரே... பிள்ளைகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். ஆனால், பணம் கட்டும் முன் மூன்றே கேள்விகள்: பயிற்சியாளரின் சான்றிதழ் எங்கே? முதல் நாள் தரைப் பயிற்சியிலேயே ஹெல்மெட் உண்டா? அது, எங்கள் பிள்ளையின் தலை அளவுக்குப் பொருந்துமா?

பதில் சொல்லத் தயங்கினால், அந்த இடமே வேண்டாம்!

– வாசகி, திருப்பத்தூர்.